பேப்பர் போட்டவரிடமிருந்து எதை வாங்கி வைப்பது: கே.டி. வீடியோவா, விக்கியா, பக்கத்து நாற்காலியா?

டீமில் ஒருவர் பேப்பர் போட்டுவிட்டார், அதாவது வேலையை ராஜினாமா செய்துவிட்டார் என்றால் அன்று மாலையே ப்ராஜெக்ட் மேனேஜர் செய்யும் முதல் காரியம் ஒரு எக்ஸெல் ஷீட்டைத் திறப்பது. ‘கே.டி. பிளான்’ என்று பெயர், கே.டி. என்றால் நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர், போகிறவர் தனக்குத் தெரிந்ததை இருப்பவருக்குச் சொல்லிக்கொடுப்பது. ஒரு பக்கம் மாட்யூல் பெயர்கள், நடுவில் தேதிகள், கடைசியில் முடிந்ததும் பச்சை அடிக்க ஒரு கட்டம்.

நானும் அதைத்தான் செய்தேன். வெளிநாட்டு இன்சூரன்ஸ் கிளையன்ட்டுக்கான சப்போர்ட் ப்ராஜெக்ட், ஒன்பது பேர் டீம். அதில் ஆறு வருடமாக ராத்திரி பேட்ச் ஜாப்களை (தானாக ஓடிக் கணக்கு ஏற்றும் ப்ரோக்ராம்களை) கட்டி மேய்த்துக்கொண்டிருந்த சீனியர் ஒருவர் கிளம்பினார். 14 செஷன், எல்லாமே ரெக்கார்டிங்கோடு, மொத்தம் 22 மணி நேரம். ஷீட் முழுக்கப் பச்சை. கிளையன்ட்டுக்கு அனுப்பினேன், பாராட்டி பதில் வந்தது.

அவர் போய் இரண்டாவது மந்த் எண்ட். ராத்திரி ஜாப் ஒரு எரரும் காட்டாமல் ஓடி முடிந்தது, காலையில் பார்த்தால் பிரீமியம் தொகை பாதிதான் ஏறியிருக்கிறது. விஷயம் இதுதான்: வெளியிலிருந்து வரும் ஒரு ஃபைல், மாதக் கடைசியில் மட்டும் சில சமயம் இரண்டு துண்டாக வரும், முதல் துண்டு வந்ததுமே ஜாப் கிளம்பிவிடும். அவர் இருந்தவரை ஃபைல் சைஸை ஒரு பார்வை பார்ப்பார், சின்னதாகத் தெரிந்தால் ஜாப்பை ஹோல்டில் போட்டுவிட்டு மிச்சம் வந்த பிறகு விடுவார். இந்த ஒரு வரி அந்த 22 மணி நேரத்தில் எங்கேயும் இல்லை. போன் போட்டுக் கேட்டேன். “அய்யோ, அத சொல்லலையா நான்? சைஸப் பாத்தாலே தெரியுமே!” என்றார். மறைக்கவில்லை, மனுஷி அப்படிப்பட்டவர் இல்லை. அது சொல்லவேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

நம் வீடுகளில் இதற்குப் பேரே இருக்கிறது, கைப்பக்குவம். ரசத்துக்கு எவ்வளவு புளி என்று கேட்டால் அம்மா கையைக் குவித்துக் காட்டுவாள், கிராம் கணக்கு கேட்டால் கோபப்படுவாள். ஆபீஸில் பாதி வேலை இந்தக் கைப்பக்குவத்தில்தான் ஓடுகிறது. ஒரு மேனேஜரிடம் இதற்கென்று இருப்பது வாரத்துக்கு நாலைந்து மணி நேரம், கொஞ்சம் பட்ஜெட், அதைவிடக் கொஞ்சமான டீம் பொறுமை. இதை எங்கே போட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று அந்த மந்த் எண்டுக்குப் பிறகு நான் போட்டுப் பார்த்த கணக்குதான் இது.

முதலில் நாம் எல்லோரும் கைவைக்கும் கே.டி. செஷனும் ரெக்கார்டிங்கும். இதன் பெரிய பலம், மலிவு. போகிறவருக்கு எப்படியும் நோட்டீஸ் பீரியடில் புது வேலை தரமாட்டோம், அவர் நேரம் சும்மா கிடைத்த மாதிரி. ஆடிட் வந்தால் காட்டலாம். ஸ்கிரீன் படிகள், எந்த சர்வரில் எங்கே போய் எதை கிளிக் செய்வது போன்ற விஷயங்களுக்கு வீடியோ உண்மையிலேயே நன்றாக வேலை செய்கிறது, அதை மறுக்கமாட்டேன். ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கு ஜாப் விழுந்தால் 22 மணி நேர வீடியோவில் எந்த நிமிஷத்தில் பதில் இருக்கிறது என்று யார் தேடுவது? ஒன்றரை ஸ்பீடில் ஓடவிட்டால்கூட விடிந்துவிடும். அதைவிடப் பெரிய கோளாறு, செஷனில் பேசுவது போகிறவர், கேட்கிறவர் மைக்கை மியூட்டில் போட்டுவிட்டு வேறு புகார் டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். “எனி கொஸ்டின்ஸ்?” “நோ கொஸ்டின்ஸ்.” ஆர்க்கிடெக்சர் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வியும் வராத செஷனில் ஒன்றும் கைமாறவில்லை என்றுதான் நான் இப்போது எடுத்துக்கொள்கிறேன்.

இதே முறையில் ஒரே ஒரு மாற்றம் செய்தால் மதிப்பு பல மடங்கு ஏறுகிறது, அதுதான் ரிவர்ஸ் கே.டி. வாங்கிக்கொண்டவர் திருப்பிச் சொல்லவேண்டும், போகிறவர் உட்கார்ந்து கேட்கவேண்டும். பல கம்பெனிகளில் இது டெம்ப்ளேட்டிலேயே இருக்கிறது, ஆனால் கடைசி இரண்டு நாளில் பேருக்கு நடக்கும். அதை முதல் வாரத்துக்கே கொண்டுவந்துவிடவேண்டும் என்பது என் கட்சி. புதியவர் தப்பாகச் சொல்லும்போதுதான் பழையவருக்கு “இல்ல இல்ல, மந்த் எண்ட்ல அப்படி பண்ணக்கூடாது” என்று வாய் வரும். தப்பு காதில் விழுந்தால்தான் கைப்பக்குவம் வார்த்தையாகிறது. சும்மா சொல்லச் சொன்னால் வராது.

அடுத்தது, டீமில் எல்லோரும் திறந்து படிக்கிற மாதிரி ஆன்லைனில் எழுதி வைப்பது: விக்கி, ஷேர்பாயிண்ட், கான்ஃப்ளூயன்ஸ், பெயர் எதுவானாலும். ‘எல்லாவற்றையும் எழுதி ஒரே இடத்தில் போட்டுவிட்டால் தீர்ந்தது’ என்று நம்புகிறவர்களுக்கு நாசாவின் கதையைச் சொல்வேன். திட்டங்களில் கற்ற பாடங்களைப் பதிந்துவைக்க அவர்களிடம் ஏஜென்சி முழுவதற்குமான ஒரு டேட்டாபேஸ் உண்டு. 2002 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு, பாடங்கள் ஒழுங்காகத் திரட்டப்படவும் இல்லை, பகிரப்படவும் இல்லை என்று அறிக்கை கொடுத்தது. பத்து வருடம் கழித்து, 2012 மார்ச்சில், நாசாவின் சொந்த இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் பார்த்தபோதும் அதே புகார்தான்: ப்ராஜெக்ட் மேனேஜர்கள் அந்த டேட்டாபேஸை வழக்கமாகத் திறந்து பார்ப்பதும் இல்லை, அதில் எழுதுவதும் இல்லை. ராக்கெட் விடுகிறவர்களுக்கே இந்த நிலை என்றால் நம் டீம் விக்கியில் கடைசி அப்டேட் மூன்று வருடத்துக்கு முந்தியது என்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு என் அனுபவத்தில் ஒரே காரணம்தான். எழுதுகிறவர் கண்முன் படிக்கிறவர் இல்லை, ஃபார்ம்தான் இருக்கிறது. ஃபார்முக்கு எழுதினால் ‘ஆரம்பத்திலேயே கிளையன்ட்டோடு நல்ல தொடர்பில் இருக்கவேண்டும்’ என்ற மாதிரி வரிதான் வரும். யாருக்கும் ஆட்சேபணை இருக்காது, யாருக்கும் பயனும் இருக்காது. டெலிவரி முடிந்து மூன்று வாரம் கழித்து, அடுத்த ப்ராஜெக்ட்டில் கால் வைத்த பிறகு ‘லெசன்ஸ் லேர்ன்ட் நிரப்பி அனுப்பவும்’ என்று மெயில் வந்தால் வேறு என்ன வரும்? ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்கான பிஎம்ஐ அமைப்பு 2017-ல் கொண்டுவந்த பிம்பாக் என்ற வழிகாட்டி நூலின் ஆறாம் பதிப்பில், ப்ராஜெக்ட் அறிவை நிர்வகிப்பதைத் தனி வேலையாகவே சேர்த்தார்கள், பாடங்களுக்கான பதிவேட்டையும் கடைசியில் அவசரமாக நிரப்பாமல் ப்ராஜெக்ட் நடக்க நடக்க எழுதச் சொன்னார்கள். சர்டிபிகேஷனுக்காக அதை உருப்போட்ட நம்மில் எத்தனை பேர் அப்படிச் செய்கிறோம் என்பது வேறு கதை.

ஆனால் டேட்டாபேஸ் என்றாலே வீண் என்று முடிவு கட்டினால் ஜெராக்ஸ் கம்பெனியின் கதை நம் காதைத் திருகும். ஜூலியன் ஆர் என்ற மானுடவியலாளர் 1980-களில் அங்கே காப்பியர் மெஷின் சரிசெய்யும் டெக்னீஷியன்கள் பின்னாலேயே அலைந்து பார்த்தார். கம்பெனி கொடுத்த மேனுவலில் ‘இந்த எரர் நம்பர் வந்தால் இந்த பார்ட்டை மாற்று’ என்றிருக்கும், மெஷின் அதற்கெல்லாம் அடங்காது. அவர்கள் உண்மையில் வேலை கற்றுக்கொண்டது சாப்பாட்டு மேஜையில், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட ‘அந்தப் பாழாய்ப்போன மெஷின்’ கதைகளில். வேலை நேரத்தில் அரட்டை என்று ஒரு மேனேஜர் தடுத்திருந்தால் அந்த அறிவே நின்று போயிருக்கும். 1990-களில் ஜெராக்ஸ் இதைத் தடுக்காமல் பெரிதாக்கியது. பிரான்ஸில் தொடங்கிய ‘யுரேகா’ என்ற ஏற்பாட்டில் டெக்னீஷியன் தான் கண்டுபிடித்த வைத்தியத்தை எழுதி அனுப்புவார், அனுபவமுள்ள சக டெக்னீஷியன்கள் சரிபார்ப்பார்கள், சரியென்றால் எழுதியவர் பெயரோடு எல்லோருக்கும் போகும். பெயர்தான் முக்கியம், காசைவிட அந்தப் பெயரைத்தான் அவர்கள் பெரிதாக நினைத்தார்கள். அடுத்த முறை மெஷின் மக்கர் செய்யும்போது திறந்து பார்ப்பதும் அதே டெக்னீஷியன்கள்தான், எழுதுகிறவருக்கும் தேடுகிறவருக்கும் ஒரே பாஷை.

இரண்டும் டேட்டாபேஸ்தான். ஒன்று மேலதிகாரம் கேட்டதால் எழுதப்பட்டது, இன்னொன்று நாளை மெஷின் முன்னால் முழிக்கப்போகும் ஒருவருக்காக எழுதப்பட்டது. ஆகவே விக்கியைத் தேர்ந்தெடுத்தால் மேனேஜர் செய்யவேண்டிய வேலை டெம்ப்ளேட் போடுவது இல்லை. ஒரே கேள்வி இரண்டாவது முறை சாட்டில் வரும்போது, பதில் சொன்னவரிடம் “அதையே அப்படியே விக்கியில் ஒட்டிடுங்க, மேல உங்க பேரப் போடுங்க” என்று சொல்வது. அறிகுறி, காரணம், வைத்தியம், மூன்று வரி போதும். நாற்பது பக்கம் எழுதச் சொன்னால் எழுதவும் மாட்டார்கள், எழுதினாலும் யாரும் படிக்கமாட்டார்கள்.

எழுதுவதில் இன்னொரு ரகம் உண்டு, அதற்கு நான் முழு மார்க் தருவேன்: எடுத்த முடிவுகளை எழுதி வைப்பது. மைக்கேல் நைகார்ட் என்ற மென்பொருள்காரர் 2011-ல் முன்வைத்த முறை, ஒரு பெரிய முடிவுக்கு ஒன்றிரண்டு பக்கம். அப்போது சூழ்நிலை என்ன, என்ன முடிவெடுத்தோம், அதனால் என்ன நல்லது கெட்டது வரும். ப்ரோக்ராமைப் படித்தால் ‘என்ன’ என்பது தெரிந்துவிடும், ‘ஏன் இப்படி’ என்பதை எந்த ப்ரோக்ராமும் சொல்லாது. ‘எவன்டா இதை இப்படி எழுதினான்’ என்று திட்டிவிட்டு மாற்றி எழுதி, அப்புறம் கிளையன்ட்டின் பழைய நிபந்தனை ஒன்று ஞாபகம் வந்து திரும்பவும் பழையபடி மாற்றியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சரி, பக்கத்து நாற்காலிக்கு வருவோம். பழையவர் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் ஷேடோ, இரண்டு பேர் சேர்ந்து ப்ரோக்ராம் எழுதும் பேர் புரோகிராமிங், ராத்திரி ஜாப் விழுந்தால் கவனிக்கும் ஆன்கால் வேலையில் கூடவே உட்காருவது, எல்லாமே இதில் அடக்கம். கைப்பக்குவம் கைமாற இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஜப்பானில் மட்சுஷிதா கம்பெனி வீட்டிலேயே ரொட்டி செய்யும் மெஷின் ஒன்றை 1980-களின் நடுவில் உருவாக்கப் பார்த்தது. மாவு சரியாகவே பிசைபடவில்லை. மெஷின் பிசைந்த மாவையும் ஆள் பிசைந்த மாவையும் எக்ஸ்ரே எடுத்தெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் பிடிபடவில்லை. இக்குகோ தனாகா என்ற மென்பொருள் உருவாக்குநர், ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலின் தலைமை ரொட்டிக்காரரிடம் போய் மாவு பிசையக் கற்றுக்கொண்டார். அவர் மாவை இழுக்கும் விதத்தில் ஒரு தனி முறுக்கு இருப்பதைக் கண்டுபிடித்து, இன்ஜினியர்களோடு ஒரு வருடம் மல்லுக்கட்டி, மெஷினுக்குள் விசேஷமான மேடுகள் வைத்து அந்த முறுக்கைக் கொண்டுவந்தார்கள். மெஷின் 1987-ல் விற்பனைக்கு வந்தது. அறிவு எப்படி உருவாகிறது என்று ஆராய்ந்த இக்குஜிரோ நொனாகா இந்தக் கதையை எழுதிப் பிரபலமாக்கினார். எனக்கு இதில் பிடித்தது, அந்த ரொட்டிக்காரரை யாரும் பிபிடி போடச் சொல்லவில்லை என்பதுதான். கற்றுக்கொள்ளவேண்டியவர் மாவில் கையை விட்டார், அப்புறம் திரும்பி வந்து இன்ஜினியர்களுக்குப் புரிகிற பாஷையில் அதைச் சொன்னார். இந்த இரண்டாவது பாதி இல்லாவிட்டால் ஹோட்டலில் இன்னொரு ரொட்டிக்காரர் கூடியிருப்பார், மெஷின் வந்திருக்காது.

இந்த வழியின் சிக்கல் காசு. சர்வீஸ் கம்பெனியில் ஷேடோவாக உட்காருகிறவருக்கு பில் போட முடியாது, கிளையன்ட் காசு தரமாட்டார், டெலிவரி ஹெட் “ஒரு வேலைக்கு ரெண்டு ஆளா?” என்று கேட்பார். இங்கேதான் ப்ராஜெக்ட் மேனேஜர் உண்மையிலேயே தேவைப்படுகிறார். டீமில் வேறு யாராலும் அந்தக் காசை வாங்கித் தரமுடியாது. எங்கள் மந்த் எண்ட் கூத்தில் எத்தனை பேர் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தோம் என்று எண்ணிக் கணக்குக் காட்டினேன், இரண்டு மந்த் எண்டுக்கு ஒரு ஷேடோ ஆளை வைத்திருந்தால் ஆகியிருக்கும் செலவைவிட அதிகம். இப்படி ஒரு கணக்கு கையில் இல்லாமல் ‘அறிவுப் பகிர்வு முக்கியம் சார்’ என்று போய் நின்றால் தலையாட்டி அனுப்பிவிடுவார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு, பழையவருக்கே தெரியாததை பக்கத்தில் உட்கார்ந்தாலும் கற்க முடியாது. அமெரிக்காவின் ‘ஃபாக்பேங்க்’ விவகாரம் அந்த மாதிரி. டபிள்யூ-76 அணு ஆயுதத்தில் போகும் ஒரு ரகசியப் பொருள் அது, 1980-களோடு உற்பத்தி நின்றுபோனது. 2000-க்குப் பிறகு ஆயுதங்களைப் புதுப்பிக்க மறுபடி தேவைப்பட்டபோது, செய்முறை பற்றிய குறிப்புகள் சொற்பம், தெரிந்தவர்களில் அநேகமாக எல்லோரும் ஓய்வு பெற்றோ வேலையை விட்டோ போயிருந்தார்கள். 2009-ல் வந்த தணிக்கை அறிக்கை இதைப் போட்டு உடைத்தது. வேடிக்கை என்னவென்றால், எப்படியோ செய்முறையைத் திரட்டிச் செய்து பார்த்தும் பொருள் சரியாக வரவில்லை. நவீன முறையில் மூலப்பொருளைக் கூடுதலாகச் சுத்தம் செய்துவிட்டார்கள், பழைய நாளில் அதிலிருந்த ஒரு அசுத்தம்தான் பொருளுக்கே உயிர். அந்தக் காலத்துத் தொழிலாளிகளுக்கும் அது தெரிந்திருக்கவில்லை. எங்கள் சீனியரின் ஃபைல் சைஸ் விவகாரம் இதற்கு முன்னால் எம்மாத்திரம். ஆனாலும் ஜாதி ஒன்றுதான்.

டீக்கடைப் பேச்சே போதும், எழுதவும் வேண்டாம் கூட்டமும் வேண்டாம் என்று சொல்லும் ஒரு கோஷ்டி எப்போதும் உண்டு (ஓஎம்ஆரில் டீக்கடைக்குப் பஞ்சமா என்ன). ஜெராக்ஸ் கதையைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் 1999 செப்டம்பர் 23-ல் செவ்வாய்க்குப் போய்ச் சேர்ந்ததும் தொலைந்தது, ஒரு மென்பொருள் உந்துதலை பவுண்டு கணக்கில் கொடுக்க, இன்னொரு பக்கம் அதை நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டதுதான் காரணம். விசாரணைக் குழு சொன்ன துணைக் காரணங்களில் ஒன்று, இன்ஜினியரிங் குழுக்களுக்கு நடுவே இருந்த தகவல் தொடர்பு ரொம்பவும் முறைசாராமல் இருந்தது என்பது. ஒரே அறையில் உட்காரும் ஆறு பேருக்கு டீ போதும், இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து செய்யும் வேலைக்குப் போதாது. யூனிட், ஃபார்மட், யார் எதற்குப் பொறுப்பு, இதெல்லாம் எழுத்தில்தான் இருக்கவேண்டும், அதில் கைப்பக்குவத்துக்கு இடமே கிடையாது.

இதுவரை பார்த்தவை எல்லாம் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் அறிவைக் கைமாற்றும் வழிகள். டீமில் இதுவரை யாருக்குமே தெரியாததைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் சேர்ந்து உட்கார்ந்து பேசியே ஆகவேண்டும். அமெரிக்க ராணுவம் இதை ‘ஆஃப்டர் ஆக்‌ஷன் ரிவ்யூ’ என்று பழக்கமாக்கி வைத்திருக்கிறது, கலிபோர்னியாவில் ஃபோர்ட் இர்வின் பயிற்சிக் களத்தில் 1980-களில் இது வேரூன்றியது, 1993-ல் அதற்கென்று தனிக் கையேடே வெளியிட்டார்கள். என்ன நடக்கவேண்டியிருந்தது, என்ன நடந்தது, ஏன் அப்படி, அடுத்த முறை எதை விடாமல் செய்வது, எதை மாற்றுவது. கேள்விகள் இவ்வளவுதான். ரேங்க் பார்க்காமல் சிப்பாயும் பேசலாம், அதிகாரி தப்பு செய்திருந்தால் அதையும் சொல்லலாம். போர்ப் பயிற்சி முடிந்த சூட்டோடு நடக்கும்.

ஒவ்வொரு கட்ட வேலை முடிந்ததும் டீம் திரும்பிப் பார்க்கும் நம் ஸ்பிரின்ட் ரெட்ரோ கூட்டமும் காகிதத்தில் இதேதான். நடப்பது என்ன? போர்டில் மூன்று ஸ்டிக்கி நோட், ‘டீம் ஒர்க் நன்றாக இருந்தது’, ‘கம்யூனிகேஷன் இன்னும் வேண்டும்’, ‘ரெக்வயர்மென்ட் லேட்’. பதினைந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. அதே மேனேஜர்தான் அப்ரைசலில் ரேட்டிங் போடுகிறார், அவர் முன்னால் ‘நான் டெஸ்ட் பண்ணாம தள்ளிட்டேன்’ என்று யார் சொல்வார்கள்? எங்கள் மந்த் எண்ட் கூத்துக்குப் பிறகு நடந்த கூட்டத்தில் முதல் பத்து நிமிஷம் மயான அமைதி. “கே.டி. ஷீட்ல பச்சை அடிச்சது நான், ஒரு செஷனையும் முழுசா பாக்கல” என்று நானே சொன்ன பிறகுதான் ஜூனியர் பையன் ஒருவன், அன்று ராத்திரி தொகை குறைவாகத் தெரிந்ததைப் பார்த்ததாகவும், கேட்டால் திட்டு விழுமோ என்று விட்டுவிட்டதாகவும் சொன்னான். இது எந்த வீடியோவிலும் எந்த விக்கியிலும் கிடைத்திருக்காது. அன்றே ஒரு அலர்ட் போட்டோம், ஃபைல் சைஸ் குறைந்தால் ஜாப் தானாக நிற்கும். சீனியரின் கண்பார்வை இப்போது நாலு வரி ஸ்கிரிப்ட்டாக இருக்கிறது. இந்தக் கூட்டத்துக்கு ஆன செலவு ஒன்பது பேருக்கும் ஒரு மணி நேரம், நான் ஒப்பிட்டதிலேயே மலிவான வழி இதுதான், ஆனால் மேனேஜர் தன் தலையை முதலில் கொடுக்கத் தயாராக இல்லையென்றால் அந்த ஒரு மணி நேரமும் வீண்.

எண்ணெய் கம்பெனி பிபி 1990-களில் பழக்கிய ‘பியர் அசிஸ்ட்’ என்ற முறையையும் சொல்லிவிடுகிறேன். வேலை தொடங்கும் முன்பே, அதே மாதிரி வேலையைச் செய்து அடிபட்ட வேறு டீம் ஆட்களைக் கூப்பிட்டு ‘நாங்கள் இப்படிச் செய்யப்போகிறோம், எங்கே மாட்டுவோம்?’ என்று கேட்பது. நம் ஊர் கம்பெனிகளில் பக்கத்து ஃப்ளோரில் அதே மைக்ரேஷனை முடித்த டீம் இருக்கும், நமக்குத் தெரியாது. தெரிந்தாலும் கேட்க ஈகோ விடாது. ஒரு அரை நாள், கூடவே பிரியாணி, செலவு அவ்வளவுதான். புது ப்ராஜெக்ட் தொடங்குகிறவர்கள் வேறு எதையும் யோசிக்காமல் இதைச் செய்யலாம்.

இதையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று தெரிந்தது. வேலை செய்த வழிகள் எல்லாவற்றிலும் கடிவாளம் கேட்கிறவர் கையில் இருக்கிறது. தனாகாதான் ரொட்டிக்காரரைத் தேடிப் போனார், யுரேகாவில் மாட்டிக்கொண்ட டெக்னீஷியன் தேடினார், பியர் அசிஸ்ட்டில் தொடங்கப்போகிறவர் கூப்பிட்டார். படுத்துவிட்ட வழிகளில் சொல்கிறவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அதனால் இப்போது நான் எதைத் தேர்ந்தெடுத்தாலும், அறிவு தேவைப்படுகிற ஆள் யார், அவர் அந்த அறையில் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்றுதான் முதலில் பார்க்கிறேன். மியூட்டில் இருக்கிறார் என்றால் அந்த வழி எனக்கு வேண்டாம்.

இனி உங்கள் நிலைமைக்கு. டீம் ஒரே இடத்தில், சின்னது, ஆட்கள் நிலையாக இருக்கிறார்கள் என்றால் நேரத்தில் பெரும்பங்கை ஒழுங்கான ரெட்ரோவுக்கும் முடிவுக் குறிப்புகளுக்கும் கொடுங்கள், மற்றது தானாக நடக்கும். பாதிப் பேர் சென்னையில், பாதிப் பேர் பன்னிரண்டு மணி நேரம் தள்ளி என்றால் பக்கத்து நாற்காலி என்பதே கிடையாது, எழுத்துதான் கதி, அதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள், ஆனால் மேலே சொன்ன மூன்று வரி ரகமாக, பெயரோடு. புதிதாகக் காலேஜ் முடித்த பசங்கள் ஐந்து பேர் ஒன்றாக வந்து இறங்கினால் வீடியோவை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று தோன்றும், அடிப்படைக்கு அது போதும்தான், ஆனால் முதல் மாதமே ஒவ்வொருவரையும் ஒரு ஆன்கால் ராத்திரிக்குக் கூட உட்காரவையுங்கள். விக்கியைப் புதுப்பிக்கும் வேலையையும் அவர்களிடமே கொடுங்கள், புரியாத இடம் எது என்று புதிதாக வந்தவர்களுக்குத்தான் தெரியும், பழையவர்கள் கண்ணுக்கு அது மறைந்து வெகுநாளாகிறது.

நோட்டீஸ் பீரியட் ஓடிக்கொண்டிருக்கிறதென்றால் கதை வேறு. எங்கள் டீமிலேயே போன வாரம் இன்னொருவர் பேப்பர் போட்டார், ரிப்போர்ட்டிங் பக்கம் முழுக்க அவர் கையில். இந்த முறை எக்ஸெல் ஷீட்டை நான் திறக்கவில்லை. அவர் வேலையை எடுத்துக்கொள்ளப் போகிற பெண்ணிடம் இரண்டாம் நாளே கீபோர்டைக் கொடுத்தாயிற்று, கிளம்புகிறவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவேண்டும், தொடக்கூடாது, தப்பு வந்தால் வாயால்தான் சொல்லவேண்டும். வாயால் சொன்னதை அந்தப் பெண் அன்றைக்கே மூன்று வரியில் எழுதுகிறாள். வெள்ளிக்கிழமை வரை 31 குறிப்புகள் வந்திருக்கின்றன, அதில் எத்தனை உருப்படியானவை என்று இனிமேல்தான் தெரியும். “வெறுமனே உட்காரச் சொல்றீங்களே, பைத்தியம் பிடிக்குது” என்று அவர் தினமும் புலம்புகிறார். அவரை இந்த மாதக் கடைசியிலேயே ரிலீஸ் பண்ணச் சொல்லி எச்.ஆர். கேட்கிறது. மந்த் எண்ட் முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் விடுவேன் என்று பதில் போட்டிருக்கிறேன்.